லாம்ப்ஸ்: உலை இரும்பின் கதிர்வீச்சுச் சேதத்தைக் கணக்கிட எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் உருவான லாம்ப்ஸ், மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. நியூட்ரான் மோதி ஓர் இரும்பணு தெறித்த பின், முதல் சில பத்து பிக்கோ நொடிகளில் படிகத்துக்குள் நடப்பதைக் கணக்கிட மிகவும் தோதான மென்பொருள் இது. கையேடும் அருமை. ஆனால் இயற்பியல் பிழையோடு உள்ளீடு கொடுத்தால் பெரும்பாலும் தடுக்காது; ஓடி முடித்துத் தவறான விடையைத் தரும்.

பிசிசி இரும்பில் (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணு இருக்கும் படிகம்) 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மோதலை எடுத்துக்கொள்வோம். கணக்கிடும் பெட்டியில் பக்கத்துக்கு 80 அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டம்), மொத்தம் 10,24,000 அணுக்கள். பெட்டி மிகச் சிறிதானால் சேதப் பகுதி ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் நுழைந்து தன்னையே இடிக்கும். 300 கெல்வினில் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகு, ஓர் அணுவுக்கு 135 என்ற படிகத் திசையில் (மூன்று அச்சுகளில் 1:3:5 விகிதம்) பிக்கோ நொடிக்கு 1859 ஆங்ஸ்ட்ராம் வேகம் கொடுக்க வேண்டும். மூன்று அச்சுகளில் அதன் கூறுகள் 314, 943, 1571. 100 திசையில் விட்டால் அணு வரிசைகளுக்கு நடுவே வழுக்கி ஓடிவிடக்கூடும்.

அதிகம் பேர் சறுக்குவது காலப்படியில்தான், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தில். லாம்ப்ஸின் ‘மெட்டல்’ அலகுமுறையில் இயல்பிருப்பு 1 ஃபெம்டோ நொடி. அந்த ஒரு படியில் இந்த அணு 1.86 ஆங்ஸ்ட்ராம் தாவும்; பக்கத்து அணுவோ 2.47 தூரத்தில்தான் இருக்கிறது. மொத்த ஆற்றல் எகிறி, அணுக்கள் காணாமல்போய் ஓட்டம் நிற்கும். ‘டிடி ரீசெட்’ கட்டளையால் ஒரு படியில் எந்த அணுவும் 0.02 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நகராமல் கட்டுப்படுத்துங்கள். அப்போது படி எண்ணிக்கை நேரத்தைக் காட்டாது என்பதால், கடந்த நேரத்தையும் தனியே அச்சிடுங்கள்.

வெப்பக் கட்டுப்பாடு ஓர அடுக்குகளுக்கு மட்டும். பெட்டி முழுக்கப் போட்டால் மோதலின் சூட்டையே அது உறிஞ்சிவிடும், படிகக் குறைகளின் (இடம் தப்பிய அணுக்கள், காலியிடங்கள்) எண்ணிக்கை திரியும். அணுக்களுக்கு இடையிலான விசையைத் தரும் சில இஏஎம் கோப்புகளில் நெருங்கிய தூரத்துக்கான இசட்பிஎல் விலக்குவிசை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மறுபடி மேலே ஏற்றினால் இரட்டைக் கணக்கு.

அணுக்களைப் படமாகக் காட்டும் ஓவிட்டோ மென்பொருளில் விக்னர்-சைட்ஸ் முறையால் (ஒவ்வோர் அணுவிடத்திலும் அணு இருக்கிறதா என்று பார்த்து) எண்ணினால், சேத ஆற்றலிலிருந்து குறைகளை மதிப்பிடும் என்ஆர்டி சூத்திரம் சொல்லும் 100 குறைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சும். அது பிழையல்ல, மற்றவை ஆறும்போது மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. ஒரே ஓட்டத்தை நம்பாமல் குறைந்தது பத்து முறை ஓட்டுங்கள்.

கல்பாக்கம் வேக ஈனுலையான பிஎஃப்பிஆரின் எரிபொருளைச் சுற்றிய டி9 எஃகு உறைக்குழாய் ஆண்டுக்கணக்கில் வீங்குவதை இதில் தேடக் கூடாது. அதற்குத் தற்செயல் எண்களால் நீண்ட காலத்தைக் கணக்கிடும் மான்டி கார்லோ முறையோ, ஐடஹோ ஆய்வகத்தின் மூஸ் மென்பொருளில் உள்ள ஃபேஸ் ஃபீல்டு முறையோ வேண்டும்.

பாயும் அணு எலக்ட்ரான்களிடம் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் எடுக்கும் கட்டளை லாம்ப்ஸின் எக்ஸ்ட்ரா-ஃபிக்ஸ் தொகுப்பில் இருக்கிறது, மென்பொருளைக் கட்டமைக்கும் சிமேக்கிலேயே அதை இயக்கிவிடுங்கள். அதைச் சேர்த்தபின் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் முழுவதும் சேத ஆற்றலாகாது, அந்த 100 என்ற எண்ணும் குறையும்.