டெல்டா சாலையில் மீட்டியோர் 350: கேட், உளுந்துச் செடி, அம்மாவின் சீட்

தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி ஓட்டும் குரூசர் வண்டி பற்றிப் பேச்செடுத்தால் நாலுவழிச் சாலையில் எவ்வளவு விரட்டலாம், லடாக் தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். நான் மன்னார்குடிப் பக்கம். வேலை நாளில் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், மற்ற நாளில் வாய்க்கால் கரைச் சாலையில் வயலுக்கு. மருந்துக்குக்கூட மேடு கிடையாது. ஆனால் டிராக்டர், அறுவடை மெஷின், ஆட்டு மந்தை, கோயிலுக்குக் கோயில் வேகத்தடை என்று எல்லாம் உண்டு. என் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 இங்கே சில சம்பா அறுவடைகளைப் பார்த்துவிட்டதால், அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

எடுப்பதற்கு முன் பார்த்தவை மூன்று, நாலு. பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220-இன் சீட் உயரம் 737 மில்லிமீட்டர், எடை 163 கிலோ. என்னைப் போன்ற குள்ளமானவனுக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. ஆனால் ஆளும் மூட்டையுமாகப் போகிற எனக்கு இன்னும் கொஞ்சம் இழுவை தேவைப்பட்டது. ஜாவா 42 பாபர் பார்க்க அள்ளுகிறது. ஒற்றைச் சீட்டு என்பதால் வீட்டில் பேச்சே எழவில்லை. ஹோண்டா ஹைனஸ் 350 சீட் 800 மில்லிமீட்டர், அதோடு அது குரூசரும் இல்லை. மீட்டியோரில் 765. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டது. அப்புறம் வேறு ஷோரூம் போகவில்லை.

மீட்டியோரில் எந்த மாடல் என்பதை முடிவு செய்தது அம்மா. சேலையில் ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்கு ஸ்டெல்லாரிலும் சூப்பர்நோவாவிலும் வரும் முதுகுச் சாய்வு உதவாது, விலாவில் இடிக்கும். அதனால் சாய்வு இல்லாத ஃபயர்பால். பின்சீட் ஓட்டுபவர் சீட்டைவிட உயரம் என்பதால், அம்மா திண்ணைப் படியில் நின்றுகொண்டுதான் ஏறுவார். திரும்பி வரும்போது படி இல்லாத இடமாக இருந்தால், ஏதாவது வாய்க்கால் மதகைத் தேட வேண்டியிருக்கும். ஊரில் எந்த மதகு என்ன உயரம் என்பது இப்போது எனக்கு அத்துப்படி.

எஞ்சின் 349 சிசி, 20 குதிரைத்திறன் சொச்சம். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது, அதற்கு நிறைய முன்பே கணிசமாக வந்துவிடுகிறது. என்ஃபீல்டின் பழைய குரூசரான தண்டர்பேர்டு ஓட்டியவர்களுக்கு உடனே தெரிவது அதிர்வு குறைந்திருப்பது. உள்ளே அதிர்வைச் சமன் செய்யும் பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் நாலாவது கியரிலேயே ஊர்ந்து, இடம் கிடைத்ததும் கியரை மாற்றாமல் தாண்டிப் போகலாம். டெல்டாவில் ஒருவன் ஒரு நாளில் அதிகம் செய்யும் வேலை அதுதான். 80-இல் நாள் முழுக்கப் போகலாம், 100-க்கு மேல் அதற்கு மனசில்லை. எனக்கும் இல்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் கேட் போட்டால், காற்று பட்டுக் குளிர வேண்டிய எஞ்சின் இது என்பது தொடையில் தெரியும். கேட் விழுந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவேன். வேட்டியில் போகிற நாளில் மடித்துக் கட்டிவிடுவது நல்லது. கால் முன்னால் நீட்டி உட்காருவதால் காற்று நேரே உள்ளே புகும். அதே வேட்டி நாளில் குதிகாலால் மிதித்து மாற்றும் கியர் பெரிய உபகாரம், செருப்பின் மேல் பக்கம் தேயாது.

இனி உளுந்துச் செடி. சம்பா அறுவடையை ஒட்டித் தெளிக்கும் உளுந்தும் பயறும் பறிக்கிற காலத்தில் சாலைதான் களம். செடியைக் குவித்துப் பரப்பிவிட்டால், போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும். லாரிக்கு அது ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரத்துக்கு அப்படியில்லை. மேலே பார்க்கக் காய்ந்திருக்கும், கீழே உடைந்த காயும் உளுந்துமாக உருளும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம், பிடிமானமே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? நேர் கோட்டில், இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் கடக்க வேண்டும். அங்கே 191 கிலோ எடை தாழ்வாக இருப்பது உண்மையிலேயே கைகொடுக்கிறது. வண்டி அலைவதில்லை.

கடந்த பிறகுதான் முக்கியமான வேலை. செடியின் தண்டு செயின் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்ஸர் வளைவில் சிக்கிக்கொள்ளும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டர்தான். ஒரு தடவை எடமேலையூர்ப் பக்கம் கருகல் வாசனை வந்து குனிந்து பார்த்தால், சூடான குழாயில் ஒரு பிடி செடி புகைந்துகொண்டிருந்தது. குச்சியால் இழுத்துப் போட்டேன். செடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஆயா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "தம்பி, நல்லா வெயிட்டான வண்டியா இருக்கு. இன்னொரு சுத்து சுத்திட்டுப் போப்பா" என்றார். "வண்டி எரிஞ்சா யாரு ஆயா பொறுப்பு?" என்றதற்கு, "அது எரியாது, நீ ஓட்டு" என்று பதில். சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.

நெல் காயப்போட்டிருக்கும் காலத்தில் இரவில் இன்னும் கவனம் வேண்டும். தார்ப்பாயைப் போட்டு மூடி, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். முகப்பு விளக்கு வெளிச்சத்தில் நெல் தெரியும், கல் தெரியாது.

செயின் பராமரிப்பில் சோம்பல் கூடாது. எண்ணெய் விட்ட செயினில் நெல் சுணை அப்பிக்கொண்டு பசையாகிவிடும். அறுவடை முடியும்வரை வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு மெல்லிசாக எண்ணெய் விடுகிறேன். ஒரு பட்டறையில் செயினை விறைக்க இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்ததும் கறகற என்று சத்தம். அதிலிருந்து பக்கத்தில் நின்று பார்க்காமல் வண்டியை விடுவதில்லை.

அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர் எடுத்ததற்கு நான் நன்றி சொல்லிக்கொள்வது கருவேல முள்ளைப் பார்க்கும்போதெல்லாம். கரைச் சாலையில் முள் ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வீடு வந்து சேரலாம். கம்பிச் சக்கரத்தோடு வரும் அரோரா மாடலில் டியூப் இருக்கிறது. நடு வயலில் பின்சக்கரத்தைக் கழற்றுவதை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காததும் உண்டு. கால் முன்னால் இருப்பதால் பள்ளம் வரும்போது எழுந்து நிற்க முடியாது, முழு அடியும் இடுப்புக்குத்தான். ஐப்பசி மழையில் வண்டல் மண்ணில் சைடு ஸ்டாண்டு அப்படியே இறங்கும். பையில் ஒரு தட்டையான பலகைத் துண்டு எப்போதும் உண்டு. கோடியக்கரை, வேதாரண்யம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், உப்புக் காற்று போல்ட்டுகளைத்தான் முதலில் பிடிக்கிறது.

டீக்கடையில் கேட்கிற மைலேஜ் கேள்விக்கு: லிட்டருக்கு 35-ஐ ஒட்டி. டேங்க் 15 லிட்டர்.

மச்சான் சூப்பர் மீட்டியோர் 650 எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 241 கிலோ, தரை இடைவெளி 135 மில்லிமீட்டர். அவர் வீடு தஞ்சாவூர் பைபாஸ் ஓரம், அவருக்கு ஓடும். எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயில் வேகத்தடையை ஒரு தடவை தாண்டிக் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள் மச்சான் என்று சொல்லியிருக்கிறேன்.