பிராந்திய அமைதிப்படைகள் பற்றிய இணையவழிப் பாடநெறி: ஒரு மதிப்பீடு

சர்வதேச அமைதிகாப்பில் பிராந்திய அமைப்புகளின் பங்கு குறித்த ஆறு வார இணையவழிப் பாடநெறி ஒன்றை அண்மையில் படித்து முடித்தேன். சட்டத்தை விளக்குவதில் அது மிகச் சிறப்பாக இருந்தது. ஆனால், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை அது போதிய அளவு தொடவே இல்லை.

முதல் இரண்டு வாரங்கள் ஐ.நா. சாசனத்தின் எட்டாம் அத்தியாயத்துக்கு உரியவை. அதில் இருப்பவை 52 முதல் 54 வரையிலான மூன்றே உறுப்புரைகள். உள்ளூர்த் தகராறுகளை அமைதி வழியில் தீர்க்கப் பிராந்திய அமைப்புகள் முயல்வதை 52ஆம் உறுப்புரை ஊக்குவிக்கிறது. பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றிப் பலவந்த நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று 53ஆம் உறுப்புரை தடுக்கிறது. அந்த அனுமதியைப் பெறாமலேயே 1990 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் அமைப்பு லைபீரியாவுக்குப் படை அனுப்பியது. அதைப் பாராட்டிப் பாதுகாப்புச் சபை தீர்மானம் நிறைவேற்றியதோ 1992 நவம்பரில்தான். இது விதிமீறலா, புதிய வழக்கம் ஒன்றின் தொடக்கமா என்பதற்கு ஆசிரியர் விடை சொல்லிவிடாமல், மூல ஆவணங்களை எங்களிடம் தந்து வாதிட வைத்தார். இந்தப் பாடநெறியில் நான் அதிகம் கற்றது அந்த இரண்டு வாரங்களில்தான்.

நான்காம் வாரத்தில் சோமாலியா வந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய அமிசோம் படைக்கு உகாண்டா, புருண்டி முதலிய நாடுகள் வீரர்களை அனுப்பின. அவர்களின் படித்தொகையை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. உணவு, எரிபொருள் போன்ற தளவாட உதவியை 2009 முதல் ஐ.நா. வழங்கியது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்கை 20 சதவீதம் குறைத்தவுடன் அந்தப் படையே ஆட்டங்கண்டது. களத்தில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் ஒரு தரப்பு, பணப்பையைக் கையில் வைத்திருப்பவர்கள் வேறொரு தரப்பு என்ற இந்த நிலையை விளக்காமல் பிராந்திய அமைதிகாப்பைக் கற்பிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. பாடநெறியோ இதைப் பத்து நிமிடக் காணொளியில் கடந்து போகிறது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பணிகளுக்கு ஆகும் செலவில் 75 சதவீதம் வரை உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கட்டாயமாகச் செலுத்தும் பங்களிப்பிலிருந்து பெற வழிவகுத்த, பாதுகாப்புச் சபையின் 2023 டிசம்பர் மாதத்துத் தீர்மானம் 2719, அதைச் சோமாலியாவில் நடைமுறைப்படுத்த அமெரிக்கா தெரிவித்த எதிர்ப்பு ஆகிய இரண்டும் பாடத்தில் இல்லை.

ஐரோப்பா பற்றிய ஐந்தாம் வாரம் மேலானது. உக்ரைனில் 2014 முதல் இயங்கிய ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்புப் பணி, ரஷ்யா இசையாததால் 2022 மார்ச்சுடன் காலாவதியானதைக் காட்டி, எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டாலன்றி முடிவெடுக்க இயலாத அமைப்பின் எல்லை எது என்பதை அது தெளிவாக உணர்த்துகிறது. வசன வரிகளும் தேர்வுகளும் குறைசொல்லும்படி இல்லை.

சட்ட மாணவர்கள் இதில் தயங்காமல் சேரலாம். மற்றவர்கள், நான்காம் வாரத்துக்கு முன்பாகவே தீர்மானம் 2719ஐ முழுமையாகப் படித்துவிட்டு, அந்த வாரக் கலந்துரையாடலில் நிதி பற்றிய கேள்வியைத் தாங்களே எழுப்ப வேண்டும்.