காலியாக ஓடினால் மட்டும் உறுமும் வண்டி

கீழக்கரை நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "உன் வண்டி மாதிரியே ஒண்ணு விலைக்கு வருது மச்சான், 2007 மாடல். வாங்கலாமா?" இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். என் வண்டி எது என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: 2006 மாடல் டீசல், பின்சக்கர ஓட்டம், பின்னால் ஸ்பிரிங் பட்டை, நடுவில் சென்டர் பேரிங் வைத்து இரண்டு துண்டாக வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. இந்த அமைப்பில் வந்த எந்தப் பழைய வண்டிக்கும் நான் சொல்வது பொருந்தும்.

இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 3,20,000 கி.மீ. தாண்டியும் ஹெட்டைத் திறக்கவில்லை. மே மாத மதியத்தில்கூட ஏ.சி. குளிர்கிறது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு தினமும் போய் வருகிறேன், ஒரு வழிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வழியில் ஒருநாள்கூட நின்றதில்லை. என்னை வாட்டியது ஓர் அதிர்வு. 2023 பிப்ரவரியில் தொடங்கி 2025 மே வரை, இரண்டேகால் வருடம்.

65 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் தரையிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். 72-ல் உச்சம். உள்கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் முகம் கலங்கிவிடும். 80-ஐத் தாண்டினால் அடங்கிவிடும். ஸ்டியரிங் ஆடாது, இருக்கைக்கு அடியில்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும், விட்டால் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. உச்சிப்புளி தாண்டி ரோடு நேராக விழும் இடத்தில் 70, 75-ல்தான் எல்லோரும் போவோம். சரியாக அந்த வேகத்தில்தான் இந்த உறுமல். மெதுவாகப் போனால் பின்னால் ஹாரன், வேகமாகப் போனால் குறுக்கே ஆடு.

எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் வலது பக்கப் பின்பட்டை முறிந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்றுக்கு வடகடல் உப்பு, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்குத் தென்கடல் உப்பு, வண்டியின் அடிவயிற்றுக்கு வருடம் முழுக்க ஓய்வே கிடையாது. கழுவலாம் என்றால் போர் தண்ணீரும் உப்பு. இரண்டு பக்கமும் புது செட் போட்டேன். பட்டைக் கடைக்காரர் நல்ல எண்ணத்தில், "ஒரு பட்டை கூடுதலா வச்சிருக்கேன் சார், இனி பின்னாடி உக்காராது" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே வாரம் நான்கு டயரும் மாற்றினேன். பத்து நாளில் உறுமல் வந்தது.

புது டயர் போட்டதும் வந்த அதிர்வு என்றால் டயரைத்தானே சந்தேகிப்போம்? நானும் அதைத்தான் செய்தேன். பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மெண்ட் ஒரு தடவை, முன்சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றி ஒரு தடவை. எதுவும் மாறவில்லை. அதன்பின் ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாக அலைந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, எல்லா இடத்திலும் கேட்ட வசனம் ஒன்றுதான்: "மாத்திப் பாப்போம் சார்." ஷாஃப்டின் மூட்டுகளில் இருக்கும் கிராஸ் மூன்றும் மாற்றினார்கள், 2,700 ரூபாய். சென்டர் பேரிங், 3,800. இன்ஜின், கியர் பாக்ஸ் மவுண்டிங், 4,500. பிறகு ஷாஃப்டைக் கழற்றி மதுரைக்கு எடுத்துப்போய் பேலன்ஸ் பார்த்தார்கள், 1,800. திரும்பி வந்தபின் அதிர்வு கொஞ்சம் கூடியிருந்தது. சொன்னேன். "உங்க மனசுக்கு அப்படித் தோணுது சார்" என்றார்கள். அந்த ஒரு பதிலுக்கு இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரே வண்டியில் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவனின் முதுகுக்குத் தெரியாதா?

நியாயமாகவும் பேச வேண்டும். கழற்றிய சென்டர் பேரிங்கின் ரப்பர் உண்மையிலேயே கிழிந்திருந்தது. ஒரு கிராஸில் ஊசி பேரிங் துருவேறி, விரலால் திருப்பினால் நெருநெருத்தது. மாற்றியதெல்லாம் மாற்ற வேண்டியவைதான். ஆனால் நான் கொண்டுபோன வியாதிக்கு அது மருந்தில்லை. "எந்த வேகத்தில், எந்த கியரில், எத்தனை பேர் இருக்கும்போது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விகளை நானே கேட்க ஆரம்பித்தேன். 72-ல் நாலாவது கியரிலிருந்து ஐந்துக்கு மாற்றினால் இன்ஜின் சுற்று இறங்குகிறது, உறுமல் இறங்கவில்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டாலும் மிச்சம் இருக்கிறது. ஆக, இன்ஜினும் கிளட்சும் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்தேன்: ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர், சக்கரம் விநாடிக்கு ஒன்பதரைச் சுற்று. பின் ஆக்சிலில் கிரவுன் பல்சக்கரம் 41 பல், ஷாஃப்டோடு சேர்ந்து அதை ஓட்டும் பினியன் 10 பல், ஆகவே ஷாஃப்ட் விநாடிக்கு 39 சுற்று. அதிர்வு விநாடிக்கு 9 அல்லது 10 என்றால் சக்கரம், 39 என்றால் ஷாஃப்டின் பேலன்ஸ், அதன் இரண்டு மடங்கான 78 என்றால் கிராஸ் ஜாயின்ட்டின் கோணம். இந்தக் கணக்கு தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போனில் அதிர்வளக்கும் ஆப் ஒன்றை ஏற்றி, இருக்கைத் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டினேன். 22 என்று காட்டியது. ஒன்பதும் இல்லை, 39-ம் இல்லை, 78-ம் இல்லை. மறுபடி மறுபடி 22. ஒரு மாதம் இதில் போனது. பிறகு ஒருநாள் கவனித்தேன்: வேகத்தை 76-க்கு ஏற்றினால் எண் 18-ஆகக் குறைகிறது. வேகம் கூடினால் அதிர்வெண் குறையுமா? என் அக்கா மகன்தான் விளக்கினான். என் பழைய போன் விநாடிக்கு 100 தடவைதான் அளவெடுக்கிறது. அதில் பாதிக்கு மேல், அதாவது 50-க்கு மேல் வரும் அதிர்வை அது திரித்துத்தான் காட்டும், 78-ஐ 100-இலிருந்து கழித்து 22 என்று. சினிமாவில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதே சங்கதிதான். அவன் போன் விநாடிக்கு 400 தடவை அளந்தது. அதில் பார்த்தோம். 78.

கோணம் என்று உறுதியாகிவிட்டது, ஆனால் கோணம் ஏன் கெட வேண்டும் என்று புரியவில்லை. இத்தனைக்கும் விடை என் கையிலேயே இருந்தது. 2024 ஆடி அமாவாசைக்குப் பரமக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ராமேசுவரம் அக்னி தீர்த்தத்துக்கு எட்டுப் பேராகப் போனோம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இணைப்புகளின் தடதடப்பும் கூட்டமும், ஒன்றும் தெரியவில்லை. அவர்களை ஊரில் கொண்டுபோய் விடும்போது ராமநாதபுரம் தாண்டி 75-ல் ஓட்டினேன், வண்டி வெண்ணெய் மாதிரி போனது. இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினேன், அதே ரோட்டில் அதே உறுமல். காலியாக இருந்தால் வரும், ஆள் ஏறினால் போய்விடும். டைரியில் எழுதியும் வைத்தேன். அதற்கும் பட்டைக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை.

முடிச்சைப் போட்டவர் கார் மெக்கானிக் இல்லை, விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும். அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காத காலமும் அதுதான். 2025 மே மாதம் ஒரு சாயங்காலம் டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எப்ப ஆரம்பிச்சுச்சு தம்பி? அதுக்கு முன்னாடி வண்டியில எதுல கை வச்சீங்க?" என்றார். "டயர் மாத்துனேன் அண்ணே" என்றேன். "அது மட்டுந்தானா?" அப்போதுதான் பட்டையைச் சொன்னேன்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி: "ஒர்க்ஷாப்புல எப்படிப் பாத்தாங்க? லிஃப்ட்ல தூக்கித்தானே?"

"ஆமா அண்ணே, எல்லாருமே."

"படகைக் கரையில வச்சு ஷாஃப்டு கப்ளிங்கை மட்டம் பாத்தா, தண்ணியில எறங்குனதும் மாறிப்போகும் தம்பி. மெதக்கவிட்டுத்தான் கடைசியா ஃபீலர் கேஜ் வச்சுப் பாக்கணும். உங்க வண்டியையும் அது நிக்கிற நெலையிலதான பாக்கணும்? தூக்கினா ஆக்சில் தொங்கிப்போகுமே, அப்புறம் என்ன கோணத்தைப் பாக்குறது?"

இரண்டு வருடமாக நான் தேடிய வார்த்தை இது. ஒரு கிராஸ் கோணலாக நின்று சுற்றும்போது, உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதை அடுத்த கிராஸ் எதிர்த்திசையில் சரிக்கட்டிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை: இரண்டு கோணமும் ஒன்றுபோல இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒரு பட்டை கூடியதால் பின்பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. பின் ஷாஃப்ட் முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது. எட்டுப் பேர் ஏறினால் பழைய உயரத்துக்கு இறங்கும், உறுமல் நிற்கும். எந்தப் பாகத்திலும் பழுதில்லை, பாகங்களுக்கு நடுவில்தான் பழுது. அதனால்தான் மாற்றிப் பார்த்தவர்கள் கையில் சிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பட்டறை சிமெண்ட் தரையில் வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தினோம். அவர் அடியில் படுத்து, போனில் மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்து ஒவ்வொரு இடமாகச் சொன்னார், நான் எழுதினேன். கழித்துப் பார்த்தால் சென்டர் பேரிங் பக்கம் ஆறரை டிகிரி, பினியன் பக்கம் நான்கு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும், இங்கே இரண்டரை. அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஷாஃப்டின் சறுக்கு மூட்டில் சேர்க்கைக் குறியாக இரண்டு அம்பு இருக்கும். துருவைச் சுரண்டிப் பார்த்தால் ஓர் அம்பு ஒரு பல் தள்ளி நின்றது. மதுரைக்குப் போய் வந்தபின் கூடிய அதிர்வு என் மனப்பிரமை இல்லை. அந்த அம்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று தோன்றலாம். இரண்டு வருடம் யாரும் நம்பாத ஒன்றை ஒருவர் தொட்டுக் காட்டினால் அப்படித்தான் ஆகும்.

கூடுதல் பட்டை இரண்டையும் உருவினோம். அம்புகளை நேர்ப்படுத்தினோம். நிப்பிளில் புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தோம். மறுபடி அளந்தால் நாலும் மூன்றரையும். கூலி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதுவும் கட்டாயப்படுத்திக் கொடுத்தது.

சாயங்காலம் தனியாக உச்சிப்புளி ரோட்டில் ஏற்றினேன். 65. 70. 72. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் போர்டைப் படிக்க முடிந்தது. ராமநாதபுரம் வரை போய்த் திரும்பினேன், வேலை ஒன்றும் இல்லாமலே. இப்போதும் 74 பக்கத்தில், காதைக் கொடுத்துக் கேட்டால், மெல்லிய ரீங்காரம் ஒன்று உண்டு. உடன் வருகிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இன்னொரு விலையும் கொடுத்தேன்: எட்டுப் பேர் ஏறினால் வேகத்தடையில் பின்பக்கம் இடிக்கிறது.

நண்பனுக்கு என் பதில் இதுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே: உனக்கு இந்த வண்டி வேண்டாம். நீ கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவாய், காலியாகத் திரும்புவாய். பாரத்துக்குக் கூடுதல் பட்டை இல்லாமல் உனக்கு முடியாது. போட்டால் திரும்பும் வழியெல்லாம் உறுமும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே சாய்வுத் தகடு வைத்துப் பினியனின் கோணத்தைத் திருத்தலாம், ஆனால் அதை அளந்து வைக்கத் தெரிந்த ஆளைத் தேடி நீ அலைய வேண்டும். தனுஷ்கோடி மணலில் ஓடிய வண்டியா, அடியில் சேஸிஸ் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது வேறு கவலை.

ஆனால் நான் என் வண்டியின் ஆர்.சி.யை 2026-ல் மறுபடி புதுப்பிக்கத்தான் போகிறேன்.

அப்படியும் அந்த 2007-ஐப் பார்க்கத்தான் போவேன் என்று நீ சொன்னால், ஞாயிறு காலை என்னைக் கூப்பிடு. விற்கிறவர் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. அவரை இறக்கிவிட்டு, வண்டியைக் காலியாக, 65-லிருந்து 80 வரை மெதுவாக ஏற்று. அதன்பிறகு நான் அடியில் படுத்து அம்பைப் பார்க்கிறேன்.