சேர்வரை நிறுத்தி இயக்கியதற்கு ஆறு விலைச்சிட்டைகள்

வன்னியில் இணையதளம் வைத்துத் தொழில் செய்பவர்கள், சேர்வர் (தளம் இயங்கும் கணினி) பராமரிப்புக்காக வெளியாரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தை மாதக் கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை 'சேர்வர் சீரமைப்பு' என்ற பெயரில் ஆறு தடவை, தடவைக்கு 18,500 ரூபாவாக, மொத்தம் 1,11,000 ரூபா என்னிடம் வாங்கப்பட்டது. அந்த ஆறு தடவையும் நடந்தது சேர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கியது மட்டுமே.

கிளிநொச்சியில் நெல் அறுவடை இயந்திரங்களுக்கான முன்பதிவுத் தளம் ஒன்றை நடத்துகிறேன். உருத்திரபுரம், பரந்தன், விசுவமடுப் பக்கத்து விவசாயிகள் கைத்தொலைபேசியிலேயே நாளைக் குறித்துக்கொள்வார்கள். இயந்திரம் வரும் நேரம் எஸ்.எம்.எஸ். ஆக அவர்களுக்குப் போகும். காலபோக அறுவடை மும்முரமாக இருந்த நாட்களில் ஒரு பக்கம் திறப்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கத் தொடங்கியது. செய்திகளும் சிலருக்குப் போய்ச் சேரவில்லை. உருத்திரபுரத்து அம்மா ஒருவர், "தம்பி, மெசின் வாற நேரம் தெரியாமல் விடியவிடிய வரம்பிலை நிண்டனான்" என்று சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய நெல் அன்று மாலை மழையில் சாய்ந்துவிட்டது.

பராமரிப்பாளரை அழைத்தேன். அரை மணித்தியாலத்தில் தளம் வேகமாக இயங்கியது, விலைச்சிட்டை வந்தது. மூன்று நான்கு நாட்கள் நன்றாக இருக்கும், பிறகு பழைய நிலை திரும்பும். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன காரணம் வேறு. பாவனையாளர்கள் கூடிவிட்டார்கள் என்றார், பிறகு தொலைபேசி நிறுவனத்தின் பிழை என்றார், கடைசியில் சேர்வர் சிறியது என்றார். அவர் சொற்படி இரண்டு கோர் (கணக்கிடும் செயலி) கொண்ட சேர்வரை நான்கு கோராக மாற்றினேன். மாதக் கட்டணம் 12 டொலரிலிருந்து 24 டொலரானது. டொலர் 300 ரூபா அளவில் நின்ற அந்த நேரத்தில் எங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு அது இலேசான சுமை அல்ல. அதன் பின்பும் நான்காம் நாள் தளம் மந்தமானது.

உண்மையைக் கண்டுபிடித்தவன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன். விடுமுறைக்கு வந்திருந்தவன் சேர்வருக்குள் நுழைந்து 'டொப்' என்ற கட்டளையைக் கொடுத்தான். எந்தச் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சேர்வரிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டும். மேலே ஒரே பெயரில் ஐந்து வரிகள் நின்றன, ஒவ்வொன்றும் ஒரு கோரின் ஏறத்தாழ 80 வீதம். நான்கு கோர்களின் முழுப் பலமும் அந்த ஐந்துக்கே போய்க்கொண்டிருந்தது. தளத்தைத் திறக்க வந்தவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். "மாமா, வலது பக்கத்திலை இருக்கிற நேரத்தைப் பாருங்கோ" என்றான். ஐந்தில் மூத்த செயல்முறை 2,600 நிமிடங்களைத் தின்று முடித்திருந்தது, அதாவது 43 மணித்தியாலத்துக்கும் மேல். ஒரு செய்தியை அனுப்பச் சில விநாடிகள் போதும்.

அந்த ஐந்தும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்குப் பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரலின் பிரதிகள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தொடக்கிவிடும் 'கிரொன்' ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை இயக்கும். எஸ்.எம்.எஸ். சேவையின் கணினியோடு தொடர்பு ஏற்படுத்தி, வரும் பதிலை முடிவு வரை வாசிப்பதே அதன் வேலை. தொடர்பு கிடைக்காதபோதும் அதைச் சரிபார்க்காமல், இல்லாத தொடர்பிடம் 'முடிவு வந்துவிட்டதா' என்று நிரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பி.எச்.பி.யின் 7ஆம் பதிப்பில் இப்படிக் கேட்டால் எச்சரிக்கை ஒன்று பதிவாகும், திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தச் சுழல் மட்டும் நிற்காது, 8ஆம் பதிப்பில் பிழை காட்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இணையப் பக்கமாக இயங்கும் நிரலுக்கு இயல்பாக 30 விநாடி எல்லை உண்டு. கிரொன் வழியாகக் கட்டளை வரியில் இயங்கும் நிரலுக்கு அந்த எல்லை பூச்சியம், அதாவது எல்லையே இல்லை. ஆகவே தொடர்பு அறும் ஒவ்வொரு தடவையும் நிற்காத பிரதி ஒன்று மிஞ்சியது. சேர்வரை நிறுத்தி இயக்கினால் அவை எல்லாம் மறையும், அடுத்து தொடர்பு அறும்போது மீண்டும் சேரத் தொடங்கும். மூன்று நான்கு நாள் கணக்கின் இரகசியம் இதுதான்.

சுழலின் ஒவ்வொரு சுற்றும் எழுதிய எச்சரிக்கையால் அவை பதிவாகும் லொக் கோப்பு 23 கிகாபைட் வரை வீங்கியிருந்தது. இதே கோப்பைப் பராமரிப்பாளர் முன்னொரு தடவை அழித்திருக்கிறார். ஆனால் ஒரு செயல்முறை திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அந்தச் செயல்முறை முடியும் வரை சேர்வரின் இயங்குதளமான லினக்ஸ் டிஸ்கில் அந்த இடத்தை விடுவிக்காது. இடம் திரும்பவில்லை என்றதும் பெரிய டிஸ்க் வாங்கச் சொன்னாரே தவிர, கோப்பை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து ஒரேயொரு வரியை வாசித்திருந்தால்கூட எந்த நிரல், எத்தனையாவது வரி என்பது தெரிந்திருக்கும்.

மருமகன் ஐந்து பிரதிகளையும் நிறுத்தினான். ஓடும், காத்திருக்கும் செயல்முறைகளின் சராசரி எண்ணிக்கையான சுமை அளவு ஐந்துக்கு மேல் நின்றது; அது கால் மணித்தியாலத்துக்குள் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. பிறகு தொடர்பு கிடைத்ததா என்று முதலில் பார்க்கும் வரியையும், பத்து விநாடி எல்லையையும் சேர்த்தான்; ஒரு பிரதி ஓடும்போது இன்னொன்று தொடங்காதபடி 'எஃப்லொக்' பூட்டுப் போட்டான். ஒரு மாலை வேலை.

நிரலை முதலில் எழுதியவர் வேறொருவர்; அந்தப் பிழையைப் பராமரிப்பாளர் மீது சுமத்தவில்லை. தேடிப் பாராமல், தேடிச் சீராக்கியதாக எழுதிப் பணம் வாங்கியதே என் முறைப்பாடு. 'லாஸ்ட் ரீபூட்' என்ற கட்டளை சேர்வர் இயக்கப்பட்ட திகதிகளைக் காட்டும். ஆறு விலைச்சிட்டைகளின் திகதிகளும் அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தன. நிரல்களும் அமைப்புக் கோப்புகளும் கடந்த ஆண்டுக்குப் பிறகு தொடப்படவே இல்லை. கேட்டபோது, "ரீஸ்டார்ட் பண்ணினாப் பிறகு வேலை செய்ததுதானே அண்ணை" என்றார்.

சேர்வர் கணக்கு அவருடைய பெயரில் இருந்ததால், எங்கள் தரவைப் பெறவே பதினொரு நாள் போராட வேண்டியிருந்தது. கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள். மந்தம் என்று கட்டணம் கேட்பவரிடம், எந்தச் செயல்முறை, எப்போது தொடங்கியது, ஏன் நிற்கவில்லை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது தளம் என் பெயரில் திறந்த இரண்டு கோர் சேர்வரில் இயங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை கிடைத்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால், என் முதல் மூன்று விலைச்சிட்டைகளும் காலம் கடந்துவிட்டன. மற்ற மூன்றுக்குமான முறைப்பாட்டை ஆனி முதல் வாரத்தில் அனுப்பினேன், 'லாஸ்ட் ரீபூட்' பட்டியலின் அச்சுப்பிரதியையும் இணைத்து.