உதட்டுக் கொப்புளம்: ஐஸா, கற்றாழையா, தேனா, களிம்பா?

உதட்டோரத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால், திருநெல்வேலிப் பக்கம் 'சூட்டுக் கொப்புளம்' என்பார்கள். பல்லி மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். ஒருமுறை தொற்றினால் நரம்பிலேயே தங்கிவிடும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கக்கேடு, மாதவிடாய் என்று ஏதாவது சாக்கு கிடைத்தால் மறுபடி வெளியே வரும். அதை நரம்பிலிருந்து விரட்ட எந்த மருந்தும் இல்லை. எது எரிச்சலைத் தணிக்கும், எது சீக்கிரம் ஆற்றும், எது புண்ணைக் கெடுக்கும் என்றுதான் பார்க்க முடியும்.

வாய்க்குள் வரும் வெள்ளைப் புண்ணும், கடைவாய் இரண்டும் வெடிப்பதும் வேறு சங்கதி. மணத்தக்காளிக் கீரையும் சத்து மாத்திரையும் அவற்றுக்குத்தான்; இதற்கு உதவாது.

கொப்புளம் தெரியும் முன்பே அந்த இடம் சுருக்சுருக்கென்று குத்தும், அரிக்கும். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து 5 சதவீதம் உள்ள களிம்பைத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். விழித்திருக்கும் நேரத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 5 தடவை, 5 நாள். தேய்க்காமல் ஒற்றி வைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் மிச்சமாவது ஏறக்குறைய ஒரு நாள்தான். கொப்புளம் உடைந்தபிறகு வாங்கினால் காசுக்குத்தான் கேடு. மருந்துக் கடையில் வெறுமனே 'புண்ணுக்குக் களிம்பு' என்று கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த டியூப் கைக்கு வந்துவிடலாம். அதைப் பூசினால் சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், வைரஸ் பரவும்.

அதே முதல் நாளில் ஐஸும் உதவும், ஆனால் வலிக்கும் வீக்கத்துக்கும் மட்டும். மெல்லிய துணியில் சுற்றி 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கட்டியை நேரே வைத்தால் தோல் வெந்துபோகும்.

கற்றாழையா தேனா என்றால், எத்தனையாவது நாள் என்று கேட்க வேண்டும். கொப்புளம் எரியும் நாட்களில் கற்றாழை இதம். மடலை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் வடிய வேண்டும். அரிப்பைக் கிளப்புவது அதுதான். பிறகு கழுவி, தோல் சீவி, உள்ளே உள்ள சோற்றை மட்டும் எடுக்கவும். காய்ந்ததும் இழுத்துப் பிடிக்கும் என்பதால், பொருக்குத் தட்டியபின் இது தோதுப்படாது. கொட்டாவி விட்டால் போதும், பொருக்கு வெடித்து ரத்தம் கசியும்; ஆறும் நாள் தள்ளிப்போகும்.

அந்தக் கட்டத்தில் தேன் நல்லது. நியூசிலாந்தில் 952 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், புண் முழுதாக ஆறக் களிம்புக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அது கிளிசரின் சேர்த்த மருத்துவத் தரத் தேன். பாபநாசம் மலைத்தேனோ கடைத்தேனோ அதே பலன் தரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பொருக்கை இளக்கமாக வைக்கும் என்று சொல்லலாம். பஞ்சுக் குச்சியால் மெல்லியதாக, நாளுக்கு 5 தடவை. குச்சியை மறுபடி பாட்டிலுக்குள் விடக்கூடாது. வழிவதும் நாக்கு தானாக நக்குவதும்தான் தேனின் தொந்தரவு. ராத்திரிக்கு எறும்பு வேறு! அதனால் படுக்கும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுவது மேல். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது.

சுண்ணாம்பு, பூண்டு, பற்பசை, எலுமிச்சை நான்கையும் தள்ளிவிடுங்கள். 'காய வைக்குது' என்பது உண்மையில் தோலைப் பொசுக்குவது. எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அக்கி எழுதுவதும் வேண்டாம். திறந்த புண்ணில் காவி மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். இந்தப் புண் எதுவும் பூசாமலே 7 முதல் 10 நாளில் ஆறும். கடைசியாகப் பூசியது எதுவோ, பேர் அதற்குப் போகிறது.

வராமல் தடுக்க, வெயிலில் கிளம்புகிறவர்களுக்கு வெயில் தடுப்பு அளவு (எஸ்.பி.எஃப்.) 30 உள்ள லிப் பாம் நல்ல துணை. 2 மணிக்கொரு தரம் பூச வேண்டும். உவரிக் கடற்கரையிலும் வயலிலும் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும், தலையில் கட்டிய துண்டு உதட்டைக் காக்காது. தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுப்பது சொற்பம். ஆடிக் காற்றில் உதடு வெடிக்காமல் இருக்க அது போதும். இதைத் தடுக்கும் என்று சிலர் விழுங்கும் லைசின் (ஒருவகை அமினோ அமிலம்) மாத்திரைக்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தால் தினசரித் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

புண் ஆறும்வரை தம்ளரை வாய் வைத்துக் குடிக்காமல் அண்ணாந்து குடியுங்கள், துண்டு தனி. பச்சைப்பிள்ளையை முத்தமிடாதீர்கள், பிறந்த குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்க வேண்டாம். கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கண் மருத்துவரிடமோ போய்விடுங்கள்.