சிலுவை நிகழ்வு: கிறித்தவ நம்பிக்கையும் இஸ்லாமிய நம்பிக்கையும்

இயேசுவை, அதாவது ஈசா நபியை, பெரிதும் போற்றும் இவ்விரு சமயங்களும் எங்கே பிரிகின்றன என்று அறிய விரும்புவோர் முதலில் சிலுவையைத்தான் ஆராய வேண்டும்.

நிகழ்ந்தது
கிறித்தவம்: ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்.
இஸ்லாம்: அவரைக் கொன்றதாகக் கூறியோர் உண்மையில் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அவ்வாறு தோன்றச் செய்யப்பட்டது என்கிறது குர்ஆன் 4:157, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது அடுத்த வசனம். வேறொருவருக்கு அவருடைய சாயல் தரப்பட்டது என்பது குர்ஆன் உரையாசிரியர் பலரின் கருத்து எனினும், அவர் யார் என்பதில் அவர்களிடையே ஒருமித்த முடிவில்லை.

பாவமன்னிப்பு
கிறித்தவம்: மனிதரின் பாவங்களுக்காக அவர் இறந்தார் (1 கொரிந்தியர் 15:3).
இஸ்லாம்: ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை (குர்ஆன் 6:164), மனம் வருந்தி இறைவனிடம் திரும்புவதே வழி. நிகழ்வை மறுப்பதைக் காட்டிலும் அதன் தேவையையே மறுக்கும் இந்த இடத்தைத்தான் ஆழமான பிளவாக நான் கருதுகிறேன்.

மறுவருகை
இரு சமயத்தாரும் அவர் மீண்டும் வருவார் என்று நம்புகின்றனர்.

கிறித்தவ மீட்புக் கோட்பாட்டை அறிய முனைவோர் விவிலியத்திலுள்ள பவுலின் கடிதங்களிலிருந்தும், தன் தூதரை இறைவன் கைவிடவில்லை என்ற முஸ்லிம்களின் உறுதியை உணர விரும்புவோர் குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவிலிருந்தும் தொடங்கலாம். சமயம் சாராத பழஞ்சான்றைத் தேடுவோருக்கு, பிலாத்துவின் கீழ் நிறைவேறிய மரண தண்டனையைக் குறிப்பிடும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பயன்படுவார்.