"போட்டுக்கும் ஆகும், கேபிளுக்கும் ஆகும்" என்று தலையில் கட்டப்பட்ட வேக்போர்டு

"ப்ரோ மாடல் சார், போட்டுக்கும் ஆகும், கேபிளுக்கும் ஆகும். ரெயில்ல ஏறினதே இல்ல." இந்தப் பேச்சை நம்பி 82 கிலோ எடையுள்ள ஒருவர் 136 செ.மீ. பழைய வேக்போர்டை, அதாவது கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர் மேல் வழுக்கிப் போகும் பலகையை, ஒரு கடையில் வாங்கினார். போட்டு என்றால் கயிற்றை இழுக்கும் மோட்டார் படகு. கேபிள் என்றால் படகுக்குப் பதிலாக மேலே ஓடும் கம்பி இழுப்பது. அவர் ஆடப் போனது பாங்காக்கை ஒட்டிய லாம் லுக் காவில், கேபிளில். மூன்றாம் நாள் ரெயிலில் (போர்டோடு ஏறி உரசிக்கொண்டு போகத் தண்ணீரில் வைத்திருக்கும் தடை) ஏறி இறங்கியதும் மூக்குப் பக்கம் பேஸ், அதாவது அடிப்பரப்பு, வாய் பிளந்துவிட்டது. கடையில் கேட்டால், "ரெயில்ல ஏத்தினா கேரண்டி கிடையாது." வாங்கும்போது கேபிளுக்கும் ஆகும் என்று சொன்னது அதே வாய்தான்.

அடியில் ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரை உரித்தபோது குட்டு வெளிப்பட்டது. விரல் நீளத்துக்குப் பழைய விரிசல். அதை எபாக்ஸிப் பசையால் பூசி மெழுகி, மேலே ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். பைண்டிங் (காலை மாட்டும் பூட்ஸ்) திருகைக் கழற்றினால் ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிகிறது. போர்டின் உள்ளே இருக்கும் ஃபோம் கோருக்குள் எப்போதோ தண்ணீர் இறங்கிவிட்டது.

'ப்ரோ', 'அட்வான்ஸ்டு' என்ற சொற்களை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. போட்டில் தேறியவருக்கான போர்டும் கேபிளில் தேறியவருக்கானதும் வேறு வேறு சாதி. போட்டு பொதுவாக மணிக்கு 35 முதல் 38 கி.மீ. வேகத்தில் இழுக்கும். அது கிளப்பும் அலைதான் ஆளைத் தூக்கி எறிகிறது. அதற்கு விறைப்பான, இலேசான ஃபோம் கோரும் வளைவு கூடிய ராக்கரும் (மூக்கிலிருந்து வால் வரை போர்டின் வளைவு) வேண்டும். மூன்று கட்டமாக ஒடிந்து வளையும் ராக்கர் செங்குத்தாகத் தூக்கும், ஆனால் வேகத்தைத் தின்னும். ஒரே சீராக வளைந்த ராக்கர் வழுக்கிக்கொண்டு போகும்.

கேபிளில் அலை கிடையாது. கயிறு தலைக்கு மேலே, பத்து மீட்டர் வாக்கில் ஓடும் கம்பியிலிருந்து வருவதால் இழுப்பு மேல்நோக்கி இருக்கும். ஆள் எழும்புவது போர்டின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்திச் சேர்க்கும் விசையில்தான். அங்கே வளைந்து நிமிரும் மரக் கோர், தட்டையான ராக்கர், உரசலைத் தாங்கும் தடித்த கிரைண்ட் பேஸ் எல்லாம் தேவை. போர்டோடு சேர்த்து வார்த்த ஃபின் (அடியில் துருத்தி நிற்கும் துடுப்பு) ரெயிலில் மாட்டினால் ஆள் முகம் குப்புற விழுவார். கழற்றும் ஃபின் என்றால் பிரச்சினை இல்லை. உண்மையிலேயே இரண்டுக்கும் ஆகும் போர்டுகளும் உண்டு. கிரைண்ட் பேஸ் இருக்கிறதா, ஃபின் கழலுமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அளவிலும் அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். 80 கிலோவைத் தாண்டியவருக்கு 140 செ.மீ.க்குக் கீழே வேண்டாம். கேபிளுக்கு இன்னும் இரண்டு மூன்று செ.மீ. கூடினாலும் நல்லதுதான். குட்டைப் போர்டில் தாவி இறங்கும்போது மூக்கு தண்ணீரில் புதையும்.

பழைய போர்டு என்றால் பைண்டிங்கைக் கழற்றாமல் பணத்தை எடுக்காதீர்கள். கழற்ற விடாத கடையிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடுங்கள். பைண்டிங்குக்கு அடியில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். பைண்டிங் திருகு இறங்கும் மரை ஓட்டையான இன்சர்ட் ஒவ்வொன்றிலும் எம்6 திருகைக் கையால் இறக்கிப் பாருங்கள். பாதியில் வெறுமனே சுற்றினால் மரை போய்விட்டது. இன்சர்ட்டுக்கு நேர் கீழே பேஸ் புடைத்திருந்தால், யாரோ நீளத் திருகைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பிறகு ஒரு நாணயத்தால் மூக்கிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த போர்டுகளில் இது சகஜம். கடைசியாகத் தட்டையான மேசையில் வைத்து மூக்குக்கும் வாலுக்கும் கீழுள்ள இடைவெளியை அளந்து, அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் ராக்கரோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் போர்டு தளர்ந்துவிட்டது. மூலைக்கு மூலை ஆடினால் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்டிக்கர் அடியில் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மேலே இருந்தால் அழகுக்கு என்று விட்டுவிடலாம். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தண்ணீருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

புதியதோ பழையதோ, 'ரெயில், கிக்கரில் (தாவி எழும்பும் சரிவு மேடை) ஆடலாம்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கிரைண்ட் பேஸ் இல்லாத போர்டு ரெயிலில் உடைந்தால் கம்பெனிகள் பொதுவாகக் கேரண்டி தருவதில்லை. இது தெரிந்த கடைக்காரர் அந்த வரியை எழுதப் பேனாவை எடுக்கமாட்டார்.